முகப்பில் 200, சுவரில் 16

வெல்டிங் மெஷின் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது பெட்டியின் முகப்பில் இருக்கும் எண்தான். 200, 250, சிலவற்றில் 300 கூட. பெட்டி சின்னது; தோளில் மாட்டிக்கொள்ள வார் வேறு வைத்திருப்பார்கள். எண் மட்டும் பெரிது. "அண்ணே, இன்னும் ஆயிரம் ரூவா போட்டீங்கன்னா 250 ஆம்பியரே எடுத்துடலாம், எதுக்குக் கொறச்சலாப் பாக்குறீங்க?" என்பார் கடைக்காரர். நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டுக் கொல்லையில் ஆசைக்குப் பட்டறை போடுகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் கிடையாது. அவர் பார்க்க வேண்டியதில் பாதி அதே பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. மீதிப் பாதி அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

வீடு பூவத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்குப் போகும் சாலையில் நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆட்சிப்பரப்பு தொடங்கும். அந்தத் தொடக்கத்தில் இருக்கிற ஊர் பூவம். கிழக்கே கடல். கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை. செய்ய நினைக்கிற வேலைகளும் பெரியவை அல்ல: கொல்லைக் கதவு, மோட்டாருக்கு ஒரு ஸ்டாண்டு, பூந்தொட்டிச் சட்டம், கோழிக்கூண்டு, மண்டபத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அவருடைய வலை வண்டிக்கு ஓர் ஆங்கிள் துண்டு. இந்த வேலைகளுக்கு, இந்த ஊரில், இந்த வீட்டு மின்சாரத்தில் எந்த மெஷின் சரிப்படும்?

மெஷின் செய்கிற வேலையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் கணக்குதான். வெல்டிங் ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் எரிவது தீ அல்ல. அயனியாகிப்போன வாயுவின் வழியே ஓடும் மின்சாரம். அதன் வெப்பம் சுமார் 6,000 டிகிரி செல்சியஸ். இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரியே போதும். ஆர்க் என்கிற இந்த மின்வில்லுக்கு வோல்ட்டில் ஆசை குறைவு, ஆம்பியரில் ஆசை அதிகம். 25 வோல்ட்டுக்குள் திருப்திப்பட்டுவிடும். ஆனால் 50, 90, 120 என்று ஆம்பியர் கேட்கும். வீட்டுச் சுவரிலோ நிலைமை தலைகீழ்: 230 வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் கொஞ்சம்தான். பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குகிற மாதிரி, வோல்ட்டைக் கொடுத்து ஆம்பியர் வாங்கித் தருவதுதான் மெஷினின் வேலை. மொத்தத் தொகை கூடாது. கைமாற்றும்போது கொஞ்சம் கமிஷன் வேறு போகும்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ராடு வெல்டிங்கில் எத்தனை ஆம்பியருக்கு எத்தனை வோல்ட் என்பதற்கு ஒரு சர்வதேச மரபு உண்டு: ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்ட வேண்டும். 90 ஆம்பியருக்கு 23.6 வோல்ட் வரும். இரண்டையும் பெருக்கினால் 2,124 வாட். தோளில் மாட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி இன்வெர்ட்டர் வகை. நல்ல இன்வெர்ட்டர் மெஷினில் உள்ளே போவதில் 85 சதவீதம் வெளியே வரும் என்று வைத்தால், சுவரிலிருந்து சுமார் 2,500 வாட் எடுக்க வேண்டியிருக்கும்.

இதை 230-ஆல் வகுத்தால் 11 ஆம்பியர்தானே என்று தோன்றும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக உறிஞ்சுவதில்லை. மாறுமின்னோட்ட அலை உச்சிக்குப் போகிற நேரத்தில் மட்டும் ஒரு இழுப்பு இழுக்கும், மற்ற நேரம் சும்மா இருக்கும். சராசரி வேலை குறைவாக இருந்தாலும் இப்படி விட்டுவிட்டு இழுப்பதால் வயர் அதிகமாகச் சூடாகும். பவர் ஃபேக்டர் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். விலை குறைந்த மெஷின்களில் அது 0.7-ஐ ஒட்டி இருக்கும். அதையும் சேர்த்தால் சுவர் தர வேண்டியது ஏறக்குறைய 15.5 ஆம்பியர்.

நம் வீடுகளில் கிரைண்டருக்கும் கீசருக்கும் வைக்கிற பெரிய பிளக் பாயின்ட்டின் அளவு 16 ஆம்பியர். ஆக அந்த பாயின்ட் தரக்கூடியதன் எல்லையே வெல்டிங்கில் 90 ஆம்பியர்தான். முகப்பில் போட்டிருக்கிற 200 ஆம்பியரை உண்மையிலேயே எடுக்க வேண்டுமானால் இதே கணக்கில் சுவர் 41 ஆம்பியர் தர வேண்டும். அதற்கு முன்பே எம்.சி.பி. விழுந்துவிடும். விழாவிட்டால் அதைவிட மோசம்: சுவருக்குள் இருக்கிற வயர் உருகும்.

மாலையில் தெருவே விளக்கும் மிக்ஸியும் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் 200-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினாக இருந்தால் வில் மங்கிப் போகும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் அப்படி விட்டுக்கொடுக்காது. வெளியே அதே 90 ஆம்பியரைத் தந்தே தீருவேன் என்று உள்ளே கூடுதலாக இழுக்கும்: 15.5 இருந்த இடத்தில் கிட்டத்தட்ட 18. வோல்டேஜ் குறையக் குறைய வயருக்குச் சுமை கூடும் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் இந்த மெஷின்களில் நடப்பது அதுதான்.

கொட்டகை வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கணக்கு உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 மீட்டர் போய் 30 மீட்டர் திரும்பினால் சுமார் 1 ஓம் தடை. 15 ஆம்பியர் ஓடும்போது 15 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 200 வாட்டுக்கு மேல் வயரைச் சூடாக்குவதற்கே செலவாகும். அதை உருளையில் சுற்றியபடியே வைத்து வேலை செய்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றிப் பிளாஸ்டிக் இளகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இதே தூரத்துக்கு இழப்பு 7 வோல்ட்டுக்குள் அடங்கும். நான் சொல்வேன்: மெஷினைப் பார்க்கப் போகும் முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மீட்டரிலிருந்து கொட்டகைக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கென்று 20 ஆம்பியர் எம்.சி.பி., பக்கத்தில் மின்கசிவைக் கண்டால் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி., நல்ல எர்த்து. எம்.சி.பி.யில் 'சி' வகை கேட்டு வாங்க வேண்டும். ஸ்விட்சைப் போட்ட நொடியில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது ஓர் இழுப்பு வரும், 'பி' வகை அதற்கே விழுந்து உயிரை வாங்கும். வீட்டு இணைப்பின் அனுமதிச் சுமை எவ்வளவு என்று மின்துறை பில்லில் பார்த்துக்கொள்வதும் இந்தச் சமயத்தில் நல்லது.

சரி, 90 ஆம்பியர்தான் கிடைக்கும் என்றால் அது வேலைக்குக் காணுமா? தாராளமாகக் காணும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ராடை மில்லிமீட்டரில் கேட்பவர்கள் குறைவு. 8 நம்பர், 10 நம்பர், 12 நம்பர் என்பார்கள். பழைய பிரிட்டிஷ் கம்பி அளவு அது. எண் கூடக்கூட ராடு மெலியும். 8 நம்பர் 4 மில்லிமீட்டர், 10 நம்பர் 3.15, 12 நம்பர் 2.5. அதற்கும் கீழே 2 மில்லிமீட்டரில் 14 நம்பர் இருக்கிறது. சின்னக் கடைகளில் கேட்டு வாங்க வேண்டும். ராடின் விட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 35 முதல் 40 ஆம்பியர் என்பது கைக்கணக்கு. 12 நம்பருக்கு அது 90-ஐ ஒட்டி வரும். 3 மில்லிமீட்டர் பட்டா, 5 மில்லிமீட்டர் ஆங்கிள், வீட்டுக் கேட்டுக்குப் போடுகிற சதுரக் குழாய், எல்லாம் 12 நம்பர் ராடின் கைக்குள் இருப்பவை. 6 மில்லிமீட்டர் தகடு வந்தால் ஓரத்தைக் கிரைண்டரில் சரித்து, இரண்டு மூன்று ஓட்டமாக நிரப்பலாம். நேரம் கூடும், வீட்டுப் பட்டறையில் அது ஒரு நஷ்டமா? 10 நம்பர் ராடு போட்டு நாள் முழுக்க ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பது கூலிக்கு வேலை செய்கிறவரின் அவசரம்.

உண்மையில் கஷ்டம் இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. வீட்டு வேலையில் கைக்கு வருகிற இரும்பில் பெரும்பகுதி மெலிந்தது. 18 கேஜ் சதுரக் குழாயின் சுவர் 1.2 மில்லிமீட்டர்தான். அதில் 12 நம்பர் ராடை 90 ஆம்பியரில் வைத்தால் ஒட்டாது, ஓட்டை விழும். ஓட்டையை அடைக்கப் போனால் அது பெரிதாகும். புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். அங்கே தேவைப்படுவது 14 நம்பர் ராடும் 40 முதல் 55 ஆம்பியரும். மெஷின் 40 ஆம்பியரில் வில்லை அணையாமல் நிறுத்துமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முகப்பில் 250 போட்ட மலிவு மெஷின்கள் சில இந்தக் கீழ்க்கோடியில் தடுமாறும். குமிழில் 20 வரை எழுதியிருக்கும். திருப்பினால் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டு பிடுங்க வராது. நல்ல மெஷினில் ராடு இரும்பை நெருங்கி வில் குறுகும்போது ஒரு நொடி மின்னோட்டத்தைக் கூட்டி உந்திவிடும் ஏற்பாடு இருக்கும். ஆர்க் ஃபோர்ஸ் என்று எழுதியிருப்பார்கள். பற்றவைக்கிற நேரத்தில் கூடுதலாகத் தருவது ஹாட் ஸ்டார்ட். ஒட்டிக்கொண்டால் தானே துண்டித்துக்கொள்வது ஆன்டி ஸ்டிக். இந்த மூன்றும் ஒழுங்காக இருக்கிற 160 ஆம்பியர் மெஷினுக்காக, இவை சரியில்லாத 250-ஐ நான் தயங்காமல் ஒதுக்குவேன்.

ஏன் 160? பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் இருக்கும். 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் தொடர்ந்து ஓட்டலாம் என்பது அதன் பொருள். 160 ஆம்பியர், 30 சதவீதம் என்றால் முழு வேகத்தில் 3 நிமிடம் ஓட்டிவிட்டு 7 நிமிடம் ஆறவிட வேண்டும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் ஏறுவதால், ஆம்பியரைக் குறைத்தால் நேரம் வேகமாகக் கூடும்: இதே மெஷின் 88 ஆம்பியரில் ஓய்வே இல்லாமல் ஓடும். அதாவது நம் சுவர் தரக்கூடிய அளவுக்கு 160 மெஷின் கச்சிதம். தவிர, 350 மில்லிமீட்டர் நீள 12 நம்பர் ராடு ஒன்று ஒரு நிமிடத்தை ஒட்டித் தீர்ந்துவிடும்; பிறகு மேலே உறைந்த கசடை, அதாவது ஸ்லாக்கை, தட்டி, கம்பிப் பிரஷ் போட்டு, கோணம் பார்த்து, அடுத்த ராடை மாட்ட எப்படியும் அதைவிட நேரம் ஆகிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தச் சதவீதம் 40 டிகிரி சூழ்வெப்பத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்பது சர்வதேசத் தரம். தகட்டில் வேறு வெப்பநிலை குறித்திருந்தால் சந்தேகப்படுங்கள். 20 டிகிரியில் எடுத்த அளவு கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் செல்லாது.

மெஷின் வகைகளைப் பார்க்கும் முன் கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். இரும்பில் ஒட்டப்போகிற இடத்தை மட்டும் உருக்குவது என்பதே மனித வரலாற்றில் புதிய விஷயம். அதற்கு முன் இரும்பை இணைப்பதென்றால் இரண்டு துண்டையும் உலையில் வெள்ளையாகக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்க வேண்டும். அதன் உச்சத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்குப் போகலாம். ரகுநாத நாயக்கர் காலத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பீரங்கி ஏழரை மீட்டர் நீளம், எடை சுமார் 22 டன். வார்த்து எடுத்தது அல்ல. நீளமான இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே இரும்பு வளையங்களை அடுக்கடுக்காக ஏற்றி அடித்து இணைத்தது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியலாளர் பாலசுப்பிரமணியமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து விவரமாக எழுதியிருக்கிறார்கள். அதே ரகுநாத நாயக்கர்தான் 1620-இல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தார். பூவத்திலிருந்து அந்தக் கோட்டைக்குச் சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம்.

மின்வில்லால் இரும்பை இணைக்கலாம் என்று 1881-இல் காட்டியவர் நிக்கோலாய் பெனார்டோஸ். கரிக்கோலை வைத்துச் செய்தார். 1888-இல் ஸ்லாவ்யானோவ் கரிக்குப் பதிலாக இரும்புக் கம்பியையே வைத்தார். கம்பியும் உருகி இணைப்பில் சேர்ந்தது. ஆனால் உருகிய இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் வாங்கிக்கொண்டு நொறுங்கலாகிவிடும். கப்பல் கொதிகலன்களின் ஒழுக்கை அடைக்கப் போராடிக்கொண்டிருந்த சுவீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெரி, 1900-களின் தொடக்கத்தில் கம்பிக்கு மேல் ஒரு பூச்சுப் பூசிப் பார்த்தார். பூச்சு எரிந்து புகையாகி உருகலை மூடிக் காத்தது. கசடாக உறைந்து மேலே போர்வையும் ஆயிற்று. இன்று நாம் சுத்தியலால் தட்டி எடுக்கிற ஸ்லாக் அதுதான். கடையில் '6013' என்று கேட்டு வாங்குகிற சாதாரண ராடின் பூச்சில் முக்கியப் பங்கு ரூட்டைல் என்னும் டைட்டானியம் கனிமத்துக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைச் சலித்துப் பிரிக்கிற கனிமங்களில் அதுவும் ஒன்று.

மெஷின் வகைக்கு வருவோம். காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ கிரில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால், மூலையில் ஒரு பெரிய எண்ணெய்த் தொட்டி உட்கார்ந்திருக்கும். ஆயில் கூல்டு டிரான்ஸ்பார்மர். இரண்டு பேஸ் எடுத்து 415 வோல்ட்டில் ஓடுவது. நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. சுற்று போனால் ரீவைண்டிங் செய்கிறவரிடம் கொடுத்தால் முடிந்தது. உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யாது. பட்டறைக்காரர்கள் இன்வெர்ட்டரை ஏளனமாகப் பேசுவதற்கும் காரணம் இருக்கிறது: "போர்டு போச்சுன்னா மெஷினே போச்சு, தம்பி." ஒரு பேஸ் மட்டும் இருக்கிற வீட்டில் அந்தத் தொட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் நம் சிக்கல். 230 வோல்ட்டில் ஓடும் சின்ன டிரான்ஸ்பார்மர் மெஷின்களும் உண்டு. அவை இதே 90 ஆம்பியருக்குச் சுவரிலிருந்து இன்னும் அதிகமாக இழுக்கும், வில்லும் நொடிக்கு 100 முறை அணைந்து அணைந்து எரியும்.

அந்தத் தொட்டி ஏன் அவ்வளவு கனம், இந்தத் தோள்பை எப்படி அஞ்சாறு கிலோவில் முடிகிறது? டிரான்ஸ்பார்மரில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் வோல்டேஜ், இரும்புக் கருவின் குறுக்குப் பரப்பையும் காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் பொறுத்தது. ஃபாரடே 1831-இல் கண்ட விதி. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறைதான் மாறுகிறது. ஆகவே கரு பெரிதாக இருக்க வேண்டும். நொடிக்கு 50,000 முறை மாற்ற முடிந்தால் கருவை மிகவும் சுருக்கிவிடலாம். இன்வெர்ட்டர் இதைத்தான் செய்கிறது. 230 வோல்ட்டை முதலில் நேர்மின்சாரமாக்கி, அதைப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கைக்குள் அடங்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் வழியே அனுப்பி, மறுபடி நேர்மின்சாரமாக வெளியே தருகிறது.

அப்படி வெட்டுகிற ஸ்விட்சுக்கு நம்மவர் ஒருவரின் கை உண்டு. சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்த ஜெயந்த் பாலிகா, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐ.ஜி.பி.டி. என்னும் குறைகடத்திச் சாதனம் அது. ரயில் எஞ்சினிலும் மின்காரிலும் இன்று ஓடுவது அதே வகை. 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. வெல்டிங் மெஷின் பெட்டியில் 'ஐ.ஜி.பி.டி.' என்று எழுதி விற்கிறார்கள். எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று தெரியவில்லை.

நேர்மின்சாரம் கிடைப்பதில் வீட்டுக்காரருக்கு இன்னொரு லாபம்: ஹோல்டரையும் எர்த்தையும் இடம் மாற்றிச் செருகலாம். ஹோல்டரை எதிர்முனையில் வைத்து 6013 ராடை ஓட்டினால் ஊடுருவல் குறையும். மெல்லிய குழாயில் ஓட்டை விழாமல் தப்பிக்க அது உதவும்.

காஸ் வைத்து ஓட்டுகிற மிக், டிக் வகைகளைப் பற்றி ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. காரும் பைக்கும் தகரமும் மட்டும் பார்க்கிறவருக்கு மிக் நல்லது, கற்றுக்கொள்ளவும் எளிது. பூவத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உருகலைக் காப்பது அங்கே பூச்சு அல்ல, குழாயிலிருந்து வழிகிற காஸ். நொடிக்கு 2 மீட்டர் வேகக் காற்று அடித்தாலே அது கலைந்து இணைப்பு முழுக்கப் பொத்தல் விழும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வருகிற காற்று சாதாரணமாகவே அதைவிட வேகம். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தால் புகையில் வேக வேண்டும். சிலிண்டர் தீர்ந்தால் நிரப்ப அலைய வேண்டும்.

கடற்கரை மெஷினுக்கு வைக்கிற சோதனை வேறு. உள்ளே ஃபேன் ஓடும்போது வெளிக்காற்றை இழுத்துச் சர்க்யூட் போர்டின் மேல் வீசுகிறது. உப்பும் ஈரமும் கூடவே போகும். கிரைண்டர் பக்கத்தில் ஓடினால் இரும்புத் தூளும் சேரும். உப்பு ஈரத்தை உறிஞ்சும், ஈரம் பட்ட உப்பு மின்சாரத்தைக் கடத்தும், இரும்புத்தூள் பாலம் போடும். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் ஸ்விட்சைப் போடும்போது 'டப்' என்று சத்தம் கேட்கும். போர்டுக்கு வார்னிஷ் மாதிரியான காப்புப் பூச்சு இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் விழிப்பார், பரவாயில்லை, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஃபேனைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆறியபின் மூடி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவது நல்லது. தோளில் தூக்குகிற கனத்தில் இருப்பதன் அருமை அப்போது தெரியும். புயல் எச்சரிக்கை வந்தால் சொல்லவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய வட்டாரம் இது.

ராடும் ஈரத்துக்குப் பலியாகும். திருச்சியில் பெல் ஆலை, மின் நிலையக் கொதிகலன்களைச் செய்கிறது. அங்கேயே 1975-இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது. அத்தகைய உயரழுத்த வேலைக்கான '7018' வகை ராடுகளை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் சுட்டு, சூடான பெட்டியிலேயே வைத்திருந்து எடுத்துப் பயன்படுத்துவார்கள். பூச்சில் இருக்கிற ஈரம் வில்லில் பிரிந்து ஹைட்ரஜனாகி இரும்புக்குள் புகும், பிறகு வெடிப்பு விடும் என்பதுதான் அந்தக் கெடுபிடிக்குக் காரணம். வீட்டுக்காரருக்கு 7018 வேண்டாம். 6013-க்கு அவ்வளவு பத்தியம் இல்லை. நமத்துப்போனால் நூறு டிகிரி சொச்சத்தில் ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும். நமத்த ராடு சடசடவென்று தெறிக்கும், வில் நிற்காது. அதைப் பார்த்து மெஷின் மேல் பழி போடுகிறவர்கள் ஏராளம். பாக்கெட்டைப் பிரித்ததும் மீதியை ஒரு பி.வி.சி. குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு துண்டு 18 கேஜ் குழாயும் நாலு 14 நம்பர் ராடும் கையோடு எடுத்துப் போங்கள். 45 ஆம்பியரில் வைத்து ஒரு மூலையை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெஷினோடு கொடுக்கிற கேபிளையும் வளைத்துப் பாருங்கள். பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம், இரண்டு மீட்டருக்கு மேல் இருக்காது. 16 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்புக் கேபிள் தனியாக வாங்குவது நல்ல முதலீடு. எர்த் கிளாம்பும் அப்படித்தான். பிடிப்பு தளர்ந்த கிளாம்பு வில்லை ஏமாற்றும். கிளாம்பை ஒட்டுகிற துண்டிலேயே மாட்ட வேண்டும், கொட்டகைத் தூணில் அல்ல. வில் எரியாத நேரத்தில் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் நிற்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வியர்வைக் கையால் ராடு மாற்றினால் அது போதும் ஆளைத் தள்ள. காய்ந்த பலகை மேல் நின்றுகொள்ளுங்கள், தோல் கையுறை போடுங்கள்.

துரு பிடிக்காது என்று கடற்கரையில் எல்லோரும் ஜி.ஐ. குழாய் வாங்குகிறோம். அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருகுவதற்கு வெகுமுன்பே. வெள்ளையாக எழும் அந்தப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் அடிக்கும், மறுநாள் விட்டுவிடும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு. ஒட்டுகிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரில் சீவிவிட்டு, காற்று முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ வரும்படி நின்று ஒட்டுங்கள். சீவின இடத்தில் பிறகு துத்தநாக பெயின்ட் அடிக்காவிட்டால் அடுத்த மழைக்குத் துரு வந்து நிற்கும்.

பெரிய எண்ணை வாங்காமல் விட்டதில் மிஞ்சிய பணத்துக்குத் தலைக்கவசம் வாங்குங்கள், வில் பற்றியதும் தானே இருள்கிற வகை. 90 ஆம்பியருக்கு 10-ஆம் எண் இருள் போதும். வில்லின் புற ஊதாக் கதிர் பட்ட கண்ணில் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில்தான் எரிச்சலும் நீரும் தொடங்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்துக்கும் அந்தச் சக்தி உண்டு. வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கவசம் கிடையாது என்பதால், கொட்டகையின் தெருப்பக்கம் வெளிச்சம் கசியாத கனமான தார்ப்பாய் ஒன்றை முதல் ராடு பற்றவைப்பதற்கு முன்பே கட்டிவிட வேண்டும்.